லோஹேகாவ் வரிசையும் அம்மாவின் இரும்பும்

நடந்தது இதுதான்.

1. புனேயின் லோஹேகாவ் விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனைக்கான வரிசையின் வாலில் நின்றேன். அப்போது நான் கர்ப்பிணி, ஏழு மாதம் முடிந்திருந்தது.
2. அம்மா என் கையைப் பிடித்து வரிசையின் தலைக்கு இழுத்துப் போனாள்.
3. இது நியாயமா என்று வரிசை விவாதித்தது.
4. நியாயம்தான் என்று ஒருவாறு முடிவாகி, எல்லோருக்கும் முன்பாக உள்ளே போனேன்.
5. அந்த எல்லோரும் போன பிறகு, கடைசி ஆளாக வெளியே வந்தேன்.
6. அதே நாளில் ஊரின் மறுகோடியில், கோந்த்வாவில் என் கணவர் செந்தில், சொந்த வீட்டு வாசலில் உள்ளே போக முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

நான் மென்பொருளில் பிழை தேடும் வேலை பார்ப்பவள். என்ன நடந்தது என்பதை முதலில் வரிசையாக எழுது, யார் மீது தப்பு என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது எங்கள் தொழிலின் பால பாடம். அதனால் இப்படி ஆரம்பித்தேன். கர்ப்பிணிகளை விமான நிலைய வரிசையில் முன்னால் விட வேண்டுமா என்று இப்போது யாராவது பேச்செடுத்தால் அலுவலகத்தில் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் அது புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு பேக்கரி வாசலில் தொடங்குகிறது.

அந்தப் பேக்கரியில் வெண்ணெய் பிஸ்கட் சுடச்சுட வந்து இறங்கும் நேரத்தில் தெருவரை வரிசை நிற்கும். புனேக்காரர்கள் வரிசையில் நிற்பதைப் பார்க்க வேண்டும். பேச மாட்டார்கள், எட்டிப் பார்க்க மாட்டார்கள், இடுப்பில் கைவைத்து அலுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏதோ தேர்வு எழுதுவதுபோல நிற்பார்கள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்த நாளில் நானும் போய்க் கடைசியில் நின்றேன். யாராவது "நீ முதலில் போம்மா" என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் கல்லாவில் இருந்தவர் உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொடுத்து அனுப்பினார். உட்கார்ந்தேன். வரிசை நகர்ந்தது, எழுந்து நகர்ந்தேன். எனக்குப் பின்னால் நின்றவர் ஸ்டூலைக் காலால் தள்ளிக் கொண்டுவந்து போட்டார், உட்கார்ந்தேன். இப்படியே கல்லாவரை போய்ச் சேர்ந்தோம், நானும் ஸ்டூலும். என் முறை வந்தபோது பிஸ்கட் வாங்கினேன். வரிசையில் என் இடம் மாறவில்லை, என் காலும் வலிக்கவில்லை. ஸ்டூலைத் தள்ளியவரோ நான் நன்றி சொன்னபோது, எதற்கு என்று புரியாதவர்போலப் பார்த்தார்.

இதைத் தொலைபேசியில் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அடப்பாவிகளா! புள்ளத்தாச்சிய நடுரோட்டுல உக்கார வெச்சு வேடிக்க பாத்தாங்களா?" என்றாள் அம்மா.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊர் கோயமுத்தூர். அங்கே டவுன் பஸ்ஸில் ஒரு கர்ப்பிணி ஏறினால், முன் படியில் அவள் கால் வைக்கும்போதே பின் படியிலிருந்து கண்டக்டரின் குரல் வந்துவிடும். "அக்கா மாசமா இருக்குது, எந்திரிங்கப்பா!" யார் எழ வேண்டும் என்று அவர் சொல்ல மாட்டார். பஸ்ஸே ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கும். கல்லூரிக் காலத்தில் பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும். "பாப்பா, நீ எந்திரி" என்று நான்கு பக்கமிருந்தும் குரல் வரும். தர்மம் செய்த புண்ணியம் கண்டக்டருக்கு, நின்றுகொண்டு போன கால்வலி எனக்கு. ஆனால் அந்த அக்கா உட்கார்ந்துதான் போனாள். அதில் சந்தேகமில்லை.

இந்த இரண்டு ஊர்களும் லோஹேகாவில் மோதிக்கொண்டன.

எங்கள் பக்கத்தில் முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். அதற்கு முன் பெண்ணின் வீட்டார் விதவிதமான சோறு கட்டிக்கொண்டு மருமகன் வீட்டுக்கு வந்து, விருந்து வைத்து, மகளை அழைத்துப் போவார்கள். கட்டுச்சோறு என்று பெயர். அம்மா புளி, உப்பு, மிளகாய் எல்லாவற்றையும் கோயமுத்தூரிலிருந்து ரயிலில் கொண்டுவந்து கோந்த்வா சமையலறையில் சோறு கிளறினாள். "இந்த ஊரு புளி புளிக்கறதில்ல" என்று ஊர் வந்து சேருமுன்பே முடிவு செய்திருந்தாள். எதிர் ஃபிளாட்டு மராத்தி ஆன்ட்டி மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதுவரை எல்லாம் சரியாக நடந்தது.

திரும்பும் பயணத்தில்தான் சிக்கல். இவ்வளவு தூரம் ரயிலில் குலுங்கிக்கொண்டு போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இன்னும் சில நாள் போனால் ஏற்ற மாட்டோம் என்று விமான நிறுவனம் சொல்லிவிட்டது. ஆகவே இந்த விமானத்தை விட்டால் குழந்தை புனேயில்தான் பிறக்கும். எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்திருக்காது. அம்மாவுக்கு அது சொந்தபந்தங்களிடம் ஆயுள் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டிய விஷயம்.

அம்மாவின் கவலை அதோடு முடியவில்லை. கர்ப்பிணி வாசல் தாண்டிப் பயணம் போனால், காத்துக்கருப்பு அண்டாமல் இருக்கக் கூடவே கொஞ்சம் இரும்பு போக வேண்டும். என் அப்பா கோயமுத்தூர் பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். எங்கள் வீட்டில் இரும்புக்கு என்றுமே பஞ்சமில்லை. ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று அம்மா மூன்று இடங்களில் இரும்பு வைத்திருந்தாள். முக்கியமான எதையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று என் தொழிலிலும் சொல்வார்கள். ஆனால் வைத்தவர்கள் மற்றவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்கள்.

கிளம்பும்போது செந்தில் க்ரில் கேட்டைப் பூட்டினார். இரண்டு கையிலும் பெட்டி. "அத்தை, இதக் கொஞ்சம் புடிங்க" என்று சாவியை அம்மாவிடம் கொடுத்தார். வண்டியில் வரும்போது அம்மா என் முந்தானையை இழுத்துச் சரிசெய்து இடுப்பில் செருகிவிட்டாள். விமான நிலையத்தில் பயணிகளைத் தவிர மற்றவர்களை உள்ளே விடுவதில்லை. வாசலிலேயே விடைபெற்றார்.

"மாப்பள, சோறு ஃபிரிட்ஜில வெச்சிருக்கறனுங். மூணு நாளைக்கு வரும். சூடு பண்ணிச் சாப்புடுங்" என்றாள் அம்மா.

"சரிங்கத்தை" என்றார் அவர், நிம்மதியாக.

உள்ளே பாதுகாப்புச் சோதனை வரிசை நீளமாக இருந்தது. நான் வாலில் நின்றேன். எனக்கு நோய் ஒன்றுமில்லை, நிற்க முடியும் என்பது என் கட்சி. அம்மா வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். "வா சாமி" என்றாள். அடுத்த நிமிடம் நாங்கள் வரிசையின் தலையில் இருந்தோம்.

தலையில் நின்றவர் ஒரு காகா. பெரியவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறோம். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவர் கோபப்படவில்லை. ஆர்வத்தோடு கேட்டார்: "குடே லிஹிலய்?"

"ஏங்கண்ணு, இந்தப் பெரியவரு என்ன சொல்றாரு?"

"இப்படி முன்னாடி விடணும்னு எங்க எழுதியிருக்குன்னு கேக்கறாரும்மா."

"வயித்துலயே எழுதியிருக்குது. கண்ணாடி போட்டிருக்கறாரு, தெரியலையாமா?"

நான் இதை மொழிபெயர்க்கவில்லை. "மன்னிக்கணும் காகா, நான் பின்னாலேயே நிற்கிறேன்" என்று எனக்குத் தெரிந்த காய்கறிக்கடை மராத்தியில் சொன்னேன். அதற்குள் வரிசைக்கு உயிர் வந்துவிட்டது. முன்னால் விடத்தான் வேண்டும் என்று ஒரு பெண். அப்படியானால் என் முதுகுவலிக்கும் ஒரு வரிசை வேண்டும் என்று ஒருவர். எதையாவது சீக்கிரம் முடிவு செய்யுங்கள் என்று லேப்டாப் பை மாட்டிய ஓர் இளைஞன்.

காகா கையை உயர்த்தினார். மராத்தியும் ஹிந்தியும் கலந்து அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "வரிசையில் என் இடம் என்னுடையது. அதை இந்தப் பெண்ணுக்குத் தருகிறேன், நான் கடைசிக்குப் போகிறேன். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இவளை முன்னால் விட்டுவிட்டு நானும் இங்கேயே நின்றால், பின்னால் நிற்கும் அத்தனை பேரின் இடத்தையும் எடுத்து நான் தானம் செய்ததாகும். அதற்கு நான் யார்?"

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாலுக்கு நடந்தார்.

"கோவிச்சுட்டுப் போறாரு பாரு" என்றாள் அம்மா. "போனாப் போறாரு, வுடு."

"கோவமில்லம்மா, அவரு எடத்த எனக்குக் குடுத்துட்டாரு."

"அப்ப நானு?"

அம்மாவும் என்னோடு முன்னால் நிற்பதைப் பார்த்து, வாலிலிருந்து காகாவின் குரல் வந்தது. என்னிடம் இருந்தது ஓர் இடம், அது கர்ப்பிணிக்கு. கர்ப்பிணியின் அம்மாவுக்கு இல்லை என்றார்.

மொழிபெயர்த்தேன். அம்மா திரும்பி, முழு வரிசைக்கும் கேட்கும்படி, சுத்தமான கொங்குத் தமிழில் பதில் சொன்னாள்: "நானும் மாசமா இருந்துதானுங் இவளப் பெத்தேன்! அன்னைக்கு எந்த ஏரோப்ளேன்லீங் எனக்கு எடம் குடுத்தீங்க? அந்த பாக்கிய இன்னைக்குக் குடுங்!"

இதை மொழிபெயர்த்தேன். வரிசை சிரித்தது. லேப்டாப் இளைஞன் "ஆன்ட்டி, ப்ளீஸ்" என்று விலகி வழிவிட்டான். அம்மா அரங்கேறிய கம்பீரத்தோடு எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

அந்தக் கம்பீரம் எக்ஸ்ரே பெல்ட்வரை இருந்தது. எங்கள் பை உள்ளே போனதும் பெல்ட் நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். புளிசாதப் போசிக்கும் தயிர்சாதப் போசிக்கும் நடுவில், துண்டில் சுற்றிய நிலையில், ஒரு பாக்குவெட்டி.

"அம்மா!"

"பாக்கு வெட்டறதுக்கில்ல கண்ணு. காப்புக்கு."

யாரிடம் எப்படி விளக்குவது? வெட்டும் கருவி உள்ளே போகாது என்றார்கள். அதை ஒரு தட்டில் தனியாக வைத்தார்கள். பெல்ட் மீண்டும் ஓடியது. நான் பெண்களுக்கான வாயில் வழியாக நுழைந்தேன். வாயில் கத்தியது. பெண் காவலர் என்னைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்க் கைக்கருவியால் தேடினார். கீழிருந்து ஆரம்பித்தார். பாதத்தில் அமைதி, கணுக்காலுக்கு வந்ததும் அலறல். உள்பாவாடையின் ஓர மடிப்பில், அப்பா பட்டறை ஆணி ஒன்று, அழகாக உள்தையல் போட்டு வைக்கப்பட்டிருந்தது. நான் அதிகம் முழித்தேனா, காவலர் அதிகம் முழித்தாரா என்று சொல்வது கடினம்.

"யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஹிந்தியில் பேய், குழந்தை, இரும்பு என்று மூன்று சொற்களைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. தான் மாசமாக இருந்தபோது மாமியார் தலையணைக்கடியில் கத்தி வைத்துத்தான் தன்னைத் தூங்கவிட்டார் என்றும், ஒவ்வொரு முறை புரளும்போதும் பேயைவிடக் கத்திக்குத்தான் பயந்ததாகவும் சொன்னார். இருவரும் சிரித்தோம். "லேகின் கீல் நஹீ ஜாயேகீ" என்று தையலைப் பிரித்து ஆணியை எடுத்துக்கொண்டார். பேய்க்கு என்ன செய்ய வேண்டுமோ அதை வெளியே போய்ச் செய்துகொள், ஆணி உள்ளே போகாது, வாயில் வழியாக இன்னொரு முறை வர வேண்டும் என்றார்.

திரையை விலக்கி வெளியே வந்தால் ஹாலில் கூட்டமே இல்லை. லேப்டாப் இளைஞன் போய்விட்டான். முதுகுவலிக்காரர் போய்விட்டார். வரிசையின் கடைசி ஆளான காகா, சோதனை முடித்து பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். தட்டில் இருந்ததைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. "அட்கித்தா!" என்றார். பாக்குவெட்டிக்கு மராத்தியில் அதுதான் பெயராம்.

அம்மா அதைப் பார்க்காமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் விமானத்துக்கு அழைப்பு வந்துகொண்டிருந்தது.

"எந்திரிம்மா. நேரமாச்சு."

"இரும்பில்லாம என்ற புள்ளைய ஏத்த மாட்டேன்."

"இத விட்டா வேற பிளேன்ல ஏத்த மாட்டாங்கம்மா."

"தெரியுது. இருந்தாலும் ஏத்த மாட்டேன்." அவள் குரலில் பிடிவாதம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். பயம் இருந்தது. வரிசையை ஒற்றை ஆளாக வென்றவள், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு சின்னப் பெண்போல உட்கார்ந்திருந்தாள். நான் கர்ப்பிணி என்பதை அவ்வளவு நேரமும் ஒரு நுழைவுச்சீட்டுபோல வைத்து விவாதித்த எங்கள் எல்லோரிலும், உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

காகா என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். "இதற்கா? விமானமே முழுக்க இரும்புதானே, தாயி! இரும்புக்குள்தானே போகிறாள்!" என்றார்.

மொழிபெயர்த்தேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. எல்லாம் முடிந்தது. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் பிழையைக் கண்டால் சொல்லிவிடுவது தொழில் வழக்கம்.

"இரும்பில்ல, அலுமினியம்" என்றேன்.

"அலுமினியமா?" என்றாள் அம்மா. "சோத்துப் போசியாட்டவா?"

காகா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. வண்டி செய்யும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஒரு பேனாவை எடுத்து, விமானச் சீட்டின் உறை மீது ஒரு விமானம் வரைந்தார். உடம்பு அலுமினியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறங்கும்போது மொத்தப் பாரத்தையும் தாங்குகிற கால்கள்? எஃகு. சுத்தமான எஃகு. சக்கரத்துக்கு மேலே இரண்டு கோடுகளை அழுத்தி வரைந்தார்.

அம்மா படத்தை உன்னிப்பாகப் பார்த்தாள். "அந்தக் காலு எந்த எடத்துல இருக்குது?"

"இறக்கைக்குக் கீழே."

"அப்ப அதுக்கு நேர் மேல சீட்டு வேணுமுங்."

எங்கள் இருக்கைகள் வாலில் இருந்தன. அதே விமானத்தில் வரவிருந்த காகா தன் சீட்டைப் பார்த்தார். அவருடையதும், அவர் மனைவிக்காக வாங்கி மனைவி வராமல் போனதால் காலியாக இருந்ததும், இறக்கைப் பக்கம். "இது என்னுடையது. இதைத் தரலாம்" என்று இரண்டையும் நீட்டினார்.

அம்மா எழுந்தாள். வாயில் வழியாக மறுபடியும் நுழைந்தேன். வாயில் மறுபடியும் கத்தியது.

காவலர் என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா கூரையைப் பார்த்தாள். என் முந்தானை நுனியில், இடுப்பில் செருகியிருந்த முடிச்சுக்குள், ஒரு தடித்த இரும்புச் சாவி.

"சாபீ ஹை" என்று காவலர் பெருமூச்சு விட்டார். "சாபீ ஜா சக்தீ ஹை. ஜாயியே, ஜாயியே!"

"சாவி போகலாமாம்மா. இத மொதல்லயே சொல்லியிருந்தா இத்தன கூத்தும் வேண்டியதில்லையே?"

"சொன்னா அதையும் புடுங்கிக்குவாங்கன்னுதான் சொல்லல."

ஓடாத குறையாக ஏறினோம். சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்தோம். சாவி இருந்தும், எஃகைக் கைவிட அம்மாவுக்கு மனமில்லை. விமானம் எழுந்து சக்கரங்கள் 'தடக்' என்று உள்ளே மடங்கியதும், காலுக்கடியில் வந்துவிட்டது என்று திருப்தியாகத் தலையசைத்தாள். பின்னால் எங்கள் வால் இருக்கையில் இருந்த காகாவுக்குப் புளிசாதம் ஒரு பொட்டலம் போனது.

சென்னையில் இறங்கிக் கோயமுத்தூர் விமானத்துக்குக் காத்திருக்கும்போது தொலைபேசி அடித்தது. செந்தில்.

"க்ரில் சாவி எங்க?"

"உங்ககிட்டதான?"

"அத்தைகிட்டக் குடுத்தேன்."

முந்தானை முடிச்சைப் பார்த்தேன். என்னுடைய இன்னொரு சாவி, வீட்டுக்குள், பத்திரமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாப்பளைகிட்டச் சொல்லு" என்றாள் அம்மா, "கொழந்த பொறக்கற வரைக்கும் அந்த முடிச்ச அவுக்கப்படாது."

சொன்னேன். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்த மூணு நாள் சோறு?"

"உள்ளதான் இருக்கு" என்றேன்.

அன்று எதிர் ஃபிளாட்டு ஆன்ட்டி அவருக்குச் சப்பாத்தி போட்டார். மறுநாள் பூட்டுக்காரர் வந்து பூட்டை உடைக்காமலே திறந்தார்.

கேள்விக்கு வருகிறேன். தொழில்முறையாக யோசித்தால், குறைந்த நேரம் பிடிக்கிற வேலையை முதலில் முடித்துவிட வேண்டும். அந்தக் கணக்குப்படி இரும்போடு வரும் கர்ப்பிணியைக் கடைசியில்தான் விட வேண்டும். கோயமுத்தூர்க் கணக்குப்படி, கேள்வியே தப்பு; கத்திச் சொல்ல ஒரு கண்டக்டர் இருந்தால் போதும். புனேக் கணக்குப்படி, முன்னால் விடத் தேவையில்லை, ஸ்டூல் கொடுங்கள். அதற்குமேல் தர ஆசைப்பட்டால் உங்களுடையதைத் தாருங்கள். நான் எந்தக் கட்சி என்றால், நிற்கும்போது புனே, கால் வலிக்கும்போது கோயமுத்தூர். முன்னால் விடுங்கள். ஆனால் அவளோடு வரும் அம்மாவை முதலில் சோதித்துவிடுங்கள்.

மகள் கோயமுத்தூரில் பிறந்தாள். இப்போது கோந்த்வாவில் தவழ்கிறாள். சாவியைத் திருப்பிக் கேட்டால், "இருக்கட்டும், அடுத்ததுக்கு ஆகும்" என்கிறாள் அம்மா. க்ரில்லின் பழைய பூட்டோ சாவியில்லாமல் பூட்ட முடியாத வகை. தூக்கிப் போடவும் மனமில்லை. க்ரில்லில் புதுப் பூட்டு போட்டுவிட்டோம். பழைய பூட்டு அதன் பக்கத்திலேயே திறந்தபடி தொங்குகிறது. அதன் சாவி பீளமேட்டில், அம்மா வீட்டில் தொட்டில் கட்டிய கொக்கியில் தொங்குகிறது.